கொழும்புக்கு அருகே ஒரு பாறை மலை: மஞ்சள் எச்சரிக்கை வந்தால் ஏறலாமா?

மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் செய்திகளில் ஒரே வரி மாறி மாறி வரும்: கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களின் சில பிரதேச செயலகப் பிரிவுகளுக்கு மண்சரிவு எச்சரிக்கை. கொழும்பில் இருப்பவர்கள் விடுமுறை நாளில் மலையேறக் கிளம்பும் இடங்களும் பெரும்பாலும் இதே மாவட்டங்களில்தான் இருக்கின்றன. ஆகவே கேள்விகள் எழுகின்றன. மஞ்சள் எச்சரிக்கை என்றால் போகவே கூடாதா? மண் சரியும், பாறை எப்படிச் சரியும்? நானூறு மீற்றர் உயரமுள்ள குன்றுக்கு இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு? அனுமதி வாங்க வேண்டுமென்றால் யாரிடம்?

இவற்றுக்கு ஒற்றை வரியில் பதில் சொல்லலாம், ஆனால் அது உதவாது. பாறை எப்படி உருவானது, அதன்மேல் நீர் எப்படி ஓடுகிறது, எச்சரிக்கை யாருக்காக விடுக்கப்படுகிறது என்ற வரிசையில் பார்த்தால்தான் பதில் பிடிபடும். விளக்குவதற்கு ஒரு மலையை எடுத்துக்கொள்வோம்: மாவனல்லைக்கு அருகிலுள்ள உதுவன்கந்த.

ஏன் இந்த மலை

கொழும்பு கரையோரச் சமவெளியில் கிடக்கும் நகரம். களனி ஆறும் அதன் சதுப்பு நிலங்களும் சூழ்ந்த தாழ்நிலம். வானம் தெளிந்த விடியலில் உயர்மாடிகளிலிருந்து சிவனொளிபாதமலை தெரியும் என்பதைத் தவிர, நகருக்குள் மலை என்று சொல்ல எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த பாறைகளில் ஒரு பகுதியை நகரம் தின்றுவிட்டது. கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு 1875 ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கான கருங்கல்லை மஹரவில் கைதிகளைக் கொண்டு உடைத்து எடுத்தார்கள். கொழும்புக்கு மிக அருகில் இருந்த பாறையில் கணிசமான பங்கு இன்று கடலுக்குள் நிற்கிறது என்று சொன்னால் பெரிய பிழை இல்லை. கம்பஹா, ஹங்வெல்ல பக்கங்களில் கல் குவாரிகள் இன்றும் இயங்குகின்றன.

கண்டி வீதியில் போகப் போக நிலம் மெல்ல மேடேறும். கேகாலையைத் தாண்டியதும் தனித்தனிப் பாறை மலைகள் தலைகாட்டத் தொடங்கும். அவற்றுள் உதுவன்கந்தவுக்குத் தனிப் பெயர் உண்டு. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீற்றர். புறக்கோட்டையில் இலக்கம் 1 கண்டி பஸ்ஸில் ஏறினால் மாவனல்லையில் இறங்கலாம். மாவனல்லை தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் பெருமளவில் வாழும் ஊர் என்பதால் வழி கேட்பதற்கு மொழி தடையாக இருக்காது. இந்தப் பக்கத்து மலைகள் பலவற்றில் அறிவிப்புப் பலகைகள் சிங்களத்தில் மட்டுமே இருக்கின்றன. பலகையில் எழுதியிருப்பது எச்சரிக்கையா, விளம்பரமா என்று புரியாமல் அதைக் கடந்து நடப்பது ஆபத்து. ஊரில் ஒருவரைக் கேட்டுவிட்டு ஏறுவது நல்லது.

வரலாற்றாலும் இந்த மலை பேர் பெற்றது. கண்டிக்கு ரயில் வந்தது 1867 இல்தான். அதற்கு முன்பு கோப்பித் தோட்டங்களின் சரக்கெல்லாம் மாட்டு வண்டிகளில் இந்த வீதி வழியாகத்தான் கொழும்புக்கு இறங்கியது. வீதியின் நெடுந்தூரம் இந்தப் பாறையிலிருந்து தெரியும். கீழிருந்து பார்க்கிறவனுக்கோ காடும் கல்லும்தான் தெரியும். வழிப்பறிக்காரன் சரதியேல் இந்த மலையைத் தன் மறைவிடமாகத் தேர்ந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1864 மார்ச் 21 அன்று மாவனல்லையில் அவனைப் பிடிக்கப் போன மோதலில் மலாய் இனத்தவரான கான்ஸ்டபிள் சபான் சுட்டுக் கொல்லப்பட்டார். இலங்கைப் பொலிஸில் கடமையின்போது உயிரிழந்த முதல் அலுவலராக அவர் நினைவுகூரப்படுகிறார். மார்ச் 21 இன்றும் பொலிஸ் திணைக்களத்தின் நினைவு நாள். சரதியேலும் அவனுடைய கூட்டாளி மம்மலே மரிக்காரும் அதே ஆண்டு மே 7 அன்று கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள்.

உயரம் என்று எதைச் சொல்கிறார்கள்

உதுவன்கந்தவின் உயரம் ஏறத்தாழ 430 மீற்றர், அடிக்கணக்கில் 1,400 சொச்சம். கொழும்புத் தாமரைக் கோபுரம் 350 மீற்றர். இதை வைத்து "கோபுரத்தைவிடக் கொஞ்சம்தான் உயரம்" என்று எண்ணிவிடுவார்கள். இந்தக் கணக்கில் இரண்டு குழப்பங்கள் இருக்கின்றன.

1. மலைக்குச் சொல்லப்படும் உயரம் கடல் மட்டத்திலிருந்து அளந்தது. கால் ஏற வேண்டியது அடிவாரத்திலிருந்து உச்சிவரை உள்ள உயரத்தை மட்டும்தான். சீகிரியா கடல் மட்டத்திலிருந்து 349 மீற்றர், சுற்றியுள்ள நிலத்திலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர். உதுவன்கந்தவின் அடிவாரமே நூறு மீற்றருக்கு மேல் இருப்பதால் ஏற வேண்டியது முந்நூறு மீற்றரை ஒட்டித்தான் வரும்.

2. ஏறும் உயரம் குறைந்தால் சிரமமும் குறையும் என்பதில்லை. ஸ்கொட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892 இல் ஒரு கணக்குச் சொன்னார்: சமநிலத்தில் ஐந்து கிலோமீற்றருக்கு ஒரு மணி நேரம், அத்துடன் ஏறும் ஒவ்வொரு 600 மீற்றருக்கும் இன்னொரு மணி நேரம். அந்தக் கணக்குப்படி முந்நூறு மீற்றர் ஏற அரை மணி நேரம் கூடுதலாகப் போதும். அவர் ஸ்கொட்லாந்துக் குளிரில் நல்ல பாதையில் நடந்தவர். சப்ரகமுவவின் புழுக்கத்தில், புதர் மூடிய தடத்தில், கையையும் ஊன்றி ஏறுகிறவருக்கு அந்த நேரம் இரண்டு மூன்று மடங்காகும். தண்ணீரும் அந்த அளவுக்குச் செலவாகும்.

அதே வட்டாரத்தில் அரநாயக்கவின் பத்தலேகல 798 மீற்றர். கடுகண்ணாவைக் கணவாயிலிருந்து பார்த்தால் விரித்த புத்தகம்போல் தெரியும் என்று ஆங்கிலேயர் பைபிள் ரொக் என்றார்கள். அலகல்ல மலைத்தொடர் 1,100 மீற்றரைத் தாண்டும். அங்கே போக கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து ரயிலில் இஹலகோட்டே நிலையத்தில் இறங்குவார்கள். கடுகதி ரயில்கள் அங்கே நிற்பதில்லை என்பதை டிக்கெட் எடுப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாறை எங்கிருந்து வந்தது

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய உருமாறிய பாறையால் ஆனது. உருமாறிய பாறை என்பது, ஏற்கெனவே இருந்த பாறை நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உள்ளாகி வேறொரு பாறையாக மாறியது. இந்தப் பெரிய மாற்றம் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நிகழ்ந்தது. அப்போது இலங்கையும் தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் கோண்ட்வானா என்ற பெருங்கண்டத்தில் ஒட்டியிருந்தன.

ஆகவே இங்குள்ள பாறைக்கும் தமிழ்நாட்டுப் பாறைக்கும் உறவு உண்டு. சென்னைப் பரங்கிமலையின் கருமையான பாறை வகைக்குப் புவியியலாளர் தொமஸ் ஹொலண்ட் 'சார்னொக்கைட்' என்று பெயர் வைத்தார். கொல்கத்தாவில் இருக்கும் ஜோப் சார்னொக்கின் கல்லறைக் கல் அந்தப் பாறையால் ஆனது என்பதால் அந்தப் பெயர். இலங்கையின் மத்திய, தென்மேற்குப் பகுதிகளில் அதே வகை தாராளமாகக் கிடைக்கிறது. வரிவரியாக வெள்ளையும் கருமையும் தெரியும் 'நைஸ்' பாறையும் கூடவே இருக்கும்.

ஆழத்தில் உருவான பாறை மேலே வந்தது எப்படி? மேலிருந்த கிலோமீற்றர் கணக்கான பாறையையும் மண்ணையும் கோடிக்கணக்கான ஆண்டுகளின் மழை அரித்துப்போட்டது. சுமை இறங்கியதும் உள்ளே அழுந்திக் கிடந்த பாறை சற்றே விரிந்தது. விரியும்போது மேற்பரப்புக்கு இணையாக வெடிப்புகள் விழுந்து, வெங்காயம்போல் தோல் தோலாக உரிந்தது. இதைத்தான் தகட்டு உரிவு என்கிறார்கள். இந்த மலைகள் பலவற்றின் தலை வழுவழுப்பாக உருண்டிருப்பதற்கும், ஒரு பக்கம் செங்குத்தாக இறங்குவதற்கும், அடிவாரத்தில் வீடளவு கற்கள் குவிந்து கிடப்பதற்கும் காரணம் இதுதான். அந்தக் கற்களெல்லாம் ஒரு காலத்தில் மேலே இருந்தவை.

மலையேறுகிறவருக்கு இதனால் என்ன? பாதை எங்கே போகும் என்பதை இந்த உரிவுதான் தீர்மானிக்கிறது. செங்குத்து முகத்தில் யாரும் ஏறுவதில்லை. மண் தங்கி மரம் வளர்ந்த சரிவான முதுகுப் பக்கத்தில்தான் தடம் ஏறும். உச்சியை நெருங்கியதும் மண் தீர்ந்து வெறும் பாறை தொடங்கும். அந்த எல்லையில் மனிதர் நடையை மாற்ற வேண்டியிருக்கிறது. பலர் மாற்றுவதில்லை.

பாறையில் நீர் ஓடும் வழி

வெயில் நாளில் மொட்டைப் பாறையை உற்றுப் பார்த்தால் மேலிருந்து கீழாகக் கரிய பட்டைகள் தெரியும். யாரோ கரியைக் கரைத்து ஊற்றியதுபோல் இருக்கும். அவை மழைநீர் வழக்கமாக இறங்கும் தடங்கள். நுண்ணுயிர்ப் பாசி அங்கே படிந்து, காய்ந்து, கறுத்துப் போயிருக்கிறது. காய்ந்திருக்கும்போது சொரசொரப்பாக இருப்பதால் கால் நன்றாகவே பிடிக்கும். பத்து நிமிடத் தூறல் போதும், அதே பட்டை வழுக்கத் தொடங்கிவிடும். பக்கத்தில் இருக்கும் வெளிறிய பாறை நனைந்த பிறகும் ஓரளவு பிடிக்கும். மேலே நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டால் கரிய பட்டைகளைத் தவிர்த்து, வெளிறிய பகுதியில் உட்கார்ந்து கையூன்றி இறங்குவதே வழி. அவமானமாகத் தோன்றலாம். இறங்கும்போதுதான் அதிகம் பேர் விழுகிறார்கள்: கால் களைத்திருக்கும், உடலின் பாரம் முன்னே தள்ளும், பார்வை காட்சியில் இருக்கும்.

பாறையில் நீர் எப்படி வழியும் என்பதை இந்த நாட்டின் பழைய மனிதர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். கம்பஹாவுக்கு அருகே பிலிகுத்துவ, வாரண, மாலிகாதென்ன என்ற விகாரை வளாகங்கள் சிறிய பாறைக் குன்றுகளில் இருக்கின்றன. கொழும்பிலிருந்து அரைநாளில் போய்த் திரும்பலாம். அங்குள்ள குகைகளின் வாய்க்கு மேலே, பாறை நெற்றியில், நீளமாக ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள். பாறையின் வளைவோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வர இருக்கும் மழைநீர் அந்த விளிம்புக்கு வந்ததும் பிடி விட்டுச் சொட்டி வெளியே விழும். குகை உலர்ந்திருக்கும். இந்த விளிம்புக்குக் கீழேதான் குகையைத் தானம் செய்தவர்களின் பெயர்கள் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டன. மதுரைப் பக்கத்துச் சமணர் குகைகளிலும் இதே ஏற்பாட்டைக் காணலாம். முதல் தடவை பாறையில் நடப்பவர்களுக்கும் சிறுவர்களோடு போகிறவர்களுக்கும் இந்தக் குன்றுகளே பொருத்தம் என்பது என் கருத்து. ஏற்றம் குறைவு, நிழல் உண்டு, பார்க்கவும் ஏதோ இருக்கிறது.

அடுத்தது முக்கியமானது. மொட்டைப் பாறை நீரை உறிஞ்சாது. உச்சியில் பெய்யும் மழை முழுவதும் வழிந்து அடிவாரத்தின் மண்ணுக்குள் இறங்கும். அந்த மண், காலங்காலமாக மேலிருந்து உருண்டும் சரிந்தும் வந்து குவிந்தது. உறுதியான பாறைத் தளத்தின்மேல் ஒட்டாமல் உட்கார்ந்திருக்கிறது. தனக்கு மேல் பெய்த மழையோடு பாறை தள்ளிவிட்ட மழையையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது. மண்ணின் துளைகளில் நீர் நிறைந்து அழுத்தம் கூடும்போது மண்துகள்களின் பிடி தளரும். பிறகு அந்தச் சரிவு முழுவதுமாகக் கிளம்பிவிடும்.

பாறை எப்படிச் சரியும் என்ற கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. பெரும்பாலும் சரிவது உச்சிப் பாறை அல்ல, அதன் காலடி. நீங்கள் நடந்து போக வேண்டிய பாதையும், பஸ்ஸிலிருந்து இறங்கும் இடமும், ஊரின் வீடுகளும் அந்தக் காலடியில்தான் இருக்கின்றன. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலைச் சரிவு இடிந்து மூன்று ஊர்களின்மேல் இறங்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அது பத்தலேகல இருக்கும் அதே பிரதேசம். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 அன்று தோட்ட லயன்களை மண் மூடியதைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2017 மே மாத இறுதியில் களுத்துறை, இரத்தினபுரி மாவட்டங்களில் சரிவுகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன.

மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு

குழப்பத்தின் பெரும்பகுதி, மூன்று நிறுவனங்கள் மூன்று விதமான எச்சரிக்கைகளை ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெளியிடுவதால் வருகிறது. மழை, இடி, காற்று பற்றிச் சொல்வது வளிமண்டலவியல் திணைக்களம். ஆற்று வெள்ளம் பற்றிச் சொல்வது நீர்ப்பாசனத் திணைக்களம். மண்சரிவு பற்றிச் சொல்வது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம். நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு யார் சொன்னது என்று பார்க்காவிட்டால், மழை எச்சரிக்கையின் நிறத்தை மண்சரிவின் நிறமாக நினைத்துவிட நேரும்.

மண்சரிவு எச்சரிக்கையின் படிகள் மழை அளவோடு பிணைந்தவை:

1. மஞ்சள்: 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால். விழிப்பாக இருக்க வேண்டும்.
2. செம்மஞ்சள்: 100 மில்லிமீற்றரைத் தாண்டினால். தேவைப்பட்டால் வெளியேறத் தயாராக இருக்க வேண்டும்.
3. சிவப்பு: 24 மணி நேரத்தில் 150 மில்லிமீற்றர், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர். அபாயமுள்ள இடத்தை விட்டு வெளியேற வேண்டும்.

இந்தப் படிகள் யாருக்காக எழுதப்பட்டவை என்பதைக் கவனியுங்கள். சரிவில் வீடு கட்டி வாழ்கிறவருக்காக. மஞ்சள் வந்த உடனே அவரால் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக முடியாது. மாடு இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஆகவே அவருக்கு 'விழித்திரு' என்கிறார்கள். பொழுதுபோக்குக்காகப் போகிறவருக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. வீட்டுக்காரருக்கு மஞ்சள் விழிப்பு என்றால், விருந்தாளிக்கு மஞ்சளே சிவப்பு. நீங்கள் போகவிருக்கும் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் பட்டியலில் இருந்தால், எந்த நிறமானாலும் பயணத்தை ஒத்திப்போடுங்கள். மாவட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. கேகாலை மாவட்டத்தில் யட்டியந்தோட்டைக்கு எச்சரிக்கை இருந்து மாவனல்லைக்கு இல்லாமலும் இருக்கலாம்.

இன்னொரு தவறான எண்ணம்: மழை விட்டதும் ஆபத்தும் விட்டது என்பது. மண்ணுக்குள் போன நீர் வடிய நாளாகும். நாள் கணக்கில் பெய்து ஓய்ந்த பிறகு, வெயில் எட்டிப்பார்க்கும் நேரத்திலும் சரிவுகள் நிகழும். சனி இரவு எச்சரிக்கை நீங்கியது என்பதற்காக ஞாயிறு காலை கிளம்புவது அவசரம். பாதையில் புதிய நிலவெடிப்பு, தெளிவாக ஓடிய ஊற்று திடீரெனக் கலங்கி வருவது, இல்லாத இடத்தில் புதிதாக நீர் கசிவது, மரங்களோ மின்கம்பங்களோ சாய்ந்திருப்பது ஆகிய எதையேனும் கண்டால் திரும்பிவிட வேண்டும். கீழே இருக்கும் வீட்டாருக்கும் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

மலை யாருடையது

"சிறிய மலைதானே, யாரைக் கேட்க வேண்டும்" என்பது நகரத்தின் பேச்சு. இலங்கையில் யாருக்கும் சொந்தமில்லாத மலை கிடையாது. ஒரே மலையில் அடிவாரம் ஒருவருக்கும் நடு இன்னொருவருக்கும் உச்சி மூன்றாமவருக்கும் உரியதாக இருப்பது சாதாரணம்.

அரச ஒதுக்குக்காடு என்றால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பு. 1907 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் அதற்குப் பொருந்துகிறது. முகாமிட்டுத் தங்குவதும் தீ மூட்டுவதும் அனுமதியின்றிச் செய்தால் குற்றமாகலாம். சரணாலயமோ தேசியப் பூங்காவோ என்றால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். குகையோ கல்வெட்டோ இருந்தால் 1940 ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் வந்துவிடும். பாறையில் பெயர் கிறுக்கியவர்கள் நீதிமன்றம் ஏறியதும் இந்தச் சட்டத்தின் கீழ்தான். விகாரை நிலம் என்றால் தலைமைப் பிக்குவிடம் சொல்லிவிட்டு ஏறுவது முறை, காலணியும் உடையும் அங்கே கவனிக்கப்படும். போயா எனும் பௌர்ணமி தினத்தில் அந்தப் பாதைகள் பக்தர்களால் நிரம்பிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் வழியாகப் போகும் பாதைகள் தனி. அவை தொழிலாளர் வேலைக்குப் போய்வரும் பாதைகள். தோட்டத்துக் காவலாளியிடமோ லயனில் இருப்பவர்களிடமோ தமிழில் கேட்டுவிட்டுப் போனால் பாதையோடு சேர்த்து வேறு தகவல்களும் கிடைக்கும்: குளவிக் கூடு எந்த மரத்தில், எந்த ஓடை பெருகியிருக்கிறது என்பது உட்பட. எந்த வரைபடத்திலும் இது இருக்காது. உதுவன்கந்தவின் கீழ்ச்சரிவில் இருப்பவை பெரும்பாலும் வீட்டுத் தோட்டங்கள். ஒருவருடைய முற்றம் வழியாக ஏறப் போகிறோம் என்றால் வாய்திறந்து கேட்பதுதான் அனுமதி. கிராம உத்தியோகத்தரிடம் விசாரித்தால் எந்தப் பகுதி யாருடையது என்பது தெரிந்துவிடும்.

அவிசாவளைக்கு அருகே லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த காட்டைப் பார்த்துவிட்டு அங்கேயும் ஏறலாமே என்று ஆசைப்படுகிறார்கள். லபுகம 1880களிலிருந்து கொழும்புக்குக் குடிநீர் தருகிறது. நீரேந்து பகுதி என்பதால்தான் அந்தக் காடு இன்னும் மிஞ்சியிருக்கிறது. அங்கே கட்டுப்பாடு கடுமையாக இருப்பதில் எனக்குக் குறையில்லை. நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் அது. ட்ரோன் பறக்கவிட விரும்புகிறவர்கள் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளையும் பார்க்க வேண்டும்.

எப்போது போகலாம்

ஜனவரி, பெப்ரவரி மாதங்கள் சிறந்தவை. மண் காய்ந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், அட்டை குறைவு. ஆனால் மாணாப் புல்லும் காய்ந்திருக்கும், தீப்பற்ற ஒரு சிகரெட் துண்டு போதும். மார்ச் பாதியிலிருந்து ஏப்ரல் முடியவும், மறுபடி ஒக்டோபர், நவம்பரிலும் காலை வெயில் பளிச்சென்று இருக்கும், பிற்பகலில் இடிமழை கொட்டும். இந்த மாதங்களில் மொட்டைப் பாறை உச்சியில் பிற்பகல் இரண்டு மணிக்கு நிற்பவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் மிக உயரமான பொருளாக நிற்கிறார். முதல் இடி கேட்டதும் இறங்கத் தொடங்க வேண்டும். தனி மரத்தின் கீழும் குகை வாயிலிலும் ஒதுங்கக் கூடாது.

விடியற்காலையில் கொழும்பிலிருந்து புறப்பட்டு, எட்டு மணிக்குள் ஏறத் தொடங்கி, நண்பகலில் அடிவாரத்துக்குத் திரும்பிவிடுவதே நல்ல திட்டம். ஆறரை மணிக்கு இங்கே இருட்டிவிடும், மரநிழலில் அதற்கும் முன்பே. சூரிய அஸ்தமனத்தைப் படம் எடுக்கக் காத்திருந்தவர்கள் பலர் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் தடம் தேடி அலைந்திருக்கிறார்கள்.

பாறையைத் தவிர மற்றவை

பாறை வெடிப்புகளிலும் நீட்டிய விளிம்புகளின் அடியிலும் மலைத்தேனீ அடை கட்டும். மரங்களில் குளவி. தோட்டத் தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். சீகிரியாவில்கூடக் குளவிகளால் ஏற்றம் நிறுத்தப்பட்டதுண்டு. கூடு தெரிந்தால் கல்லெறிவது, புகை, கூச்சல், ட்ரோன் இரைச்சல் எதுவும் கூடாது. அவை கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு, அடித்து விரட்டாமல், வந்த வழியே விலகிப் போக வேண்டும். பாறை விளிம்பில் இருக்கும்போது ஓடுவது கொட்டு வாங்குவதைவிட ஆபத்து. தேனீயின் கொடுக்கு தோலில் தங்கும், உடனே வழித்து எடுக்க வேண்டும். பல கொட்டுகள் விழுந்தாலோ, மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ காத்திருக்காமல் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். கட்டணம் இல்லை. அம்புலன்ஸ் மலைமேல் வராது என்பதால், எந்த வீதியில், எந்த விகாரைக்கோ கடைக்கோ பக்கத்தில் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இதற்காகவே ஏறுவதற்கு முன்பு அந்த இடத்தின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டைக்குப் பயப்பட வேண்டியதில்லை. காலுறையில் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டு போனால் பெரும்பாலும் ஏறாது. கடித்துவிட்டால் இழுத்துப் பிடுங்காமல் நகத்தால் ஒதுக்கினால் விட்டுவிடும்.

பலர் கவனிக்காத ஒன்று எலிக்காய்ச்சல். மலையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், மலைக்குப் போகும் வயல் வரப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களின் வயலிலும் சேற்றிலும் எலியின் சிறுநீர் வழியாக இந்த நோய்க்கிருமி கலந்திருக்கும். காலில் ஒரு சிராய்ப்பு போதும், உள்ளே நுழைந்துவிடும். செருப்போடு போய்ப் பாறையில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, இறங்கும்போது வரப்பிலிருந்து வழுக்கிச் சேற்றில் கால் வைப்பது நடக்கக்கூடியதே. மூடிய சப்பாத்து அணியுங்கள், காயம் இருந்தால் கட்டுப் போடுங்கள். அறிகுறி பெரும்பாலும் ஐந்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் தெரியும்: காய்ச்சல், தசைநோவு, குறிப்பாகக் கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல். கொழும்பில் காய்ச்சல் என்றதும் டெங்கு என்றுதான் முதலில் நினைப்பார்கள். போன இடத்தையும் சேற்றில் இறங்கியதையும் வைத்தியரிடம் நீங்களாகவே சொன்னால், அவர் எலிக்காய்ச்சலையும் கருதிப் பார்த்துச் சிகிச்சையை நேரத்துக்குத் தொடங்க முடியும்.